செங்கமலம் தேர்ந்த கையுறை

முன்னொரு காலத்திலே, பனி என்றால் விடிகாலையில் புல்லின் மேல் நிற்கும் துளிதான் என்று நம்பிய ஓர் ஊர் இருந்தது, கேளுங்கள். அந்த ஊரிலே செங்கமலம் என்று ஒருத்தி. அவள் புருஷன் கொற்றன் மிளகு வணிகரிடம் பொதிக் கழுதை ஓட்டுகிறவன். வடக்கே பனிமலைக் கணவாய்க்குப் போயிருந்தான். மூன்று குளிர்காலம் அங்கேயே இருந்து சரக்கு ஏற்றி இறக்கிவிட்டுத்தான் திரும்ப வேண்டும் என்று பேச்சு.

இரண்டு குளிர்காலம் போய்விட்டது. செங்கமலத்துக்கு நாள் நகரவே இல்லை.

வீடு கட்டியபோது கொற்றன் ஈரச் சுண்ணாம்புச் சுவரில் தெரியாமல் கையை ஊன்றிவிட்டான். பூசி மறைக்கப் போனவனை, "இருக்கட்டும், விடுங்க" என்று தடுத்தவள் அவள்தான். இப்போது அந்தக் கைத்தடம்தான் அவளுக்குத் துணை. அந்தியில் விளக்கேற்றியதும் அதிலே தன் கையை வைப்பாள். "சாப்பிட்டீங்களா?" என்று கேட்பாள். சுவர் பதில் சொல்லுமா? சொல்லாது. ஆனாலும் கேட்பாள்.

ஒருநாள் வடக்கேயிருந்து வந்த வண்டிக்காரர் வீரணன் வாசலில் வந்து நின்றார்.

"தங்கச்சி, உன் புருஷன் உயிரோடு நல்லாத்தான் இருக்கான். ஆனா போன குளிரிலே விரல் நுனியெல்லாம் கறுத்துப் போச்சு. இன்னொரு குளிரை அப்படியே கழிச்சான்னா விரலே நிக்காது. கயிறு பிடிக்க முடியாதவன் அந்த மலையை எப்படி இறங்குவான்? நல்ல தோல் கையுறையா ஒரு சோடி வாங்கிக் கொடு. பொழுது சாயறதுக்குள்ளே வண்டி கிளம்பிடும்."

செங்கமலம் உடனே வீட்டுக்குள் போனாள். வாழைநாரை எடுத்துச் சுவரில் இருந்த கையை விரல் விரலாக அளந்தாள். சந்தைக்கு ஓடினாள்.

தோல் வணிகன் மலைக்குப் போகிறவர்களுக்கென்று வைத்திருந்ததில் மூன்று சோடி எடுத்துப் போட்டான்.

முதல் சோடியில் சரிகைப் பூ. "அவர் என்ன, கல்யாணத்துக்கா போறார்?" என்று தள்ளிவிட்டாள்.

இரண்டாவது சோடி ஆட்டுத்தோல். உள்ளே அடர்ந்த ரோமம், பொதபொதவென்று பெரிதாக இருந்தது. "இது கையுறையா, கரடிக்குட்டியா?" என்று அதையும் தள்ளினாள்.

மூன்றாவது சோடி மான்தோல். நார் அளவுக்கு இம்மியும் பிசகவில்லை. அதைப் பார்த்ததும் அவள் கண் கலங்கிவிட்டது. "இதுதான் வேணும். நானே அவர் கையைப் பிடிச்சுக்கிட்டு இருக்கிற மாதிரி இருக்கும்."

சிரிக்காதீர்கள். பாவம், குளிரை அவள் கண்டாளா, பட்டாளா?

"பார்த்து எடுங்க தாயே, மலையேறின பிறகு மாத்த முடியாது" என்றான் வணிகன். அந்தச் சொல் அவளை உறுத்தியது. சுற்றும் முற்றும் பார்த்தாள். பக்கத்திலே ஒருத்தி சுடுமணலில் பொரி வறுத்துக்கொண்டிருந்தாள். செங்கமலம் அவளிடம் சுடுமணல் கேட்டு வாங்கினாள். அதைக் கொற்றன் கையளவுக்கு இரண்டு துணிமூட்டையாகக் கட்டினாள். ஒன்றை மான்தோலுக்குள்ளும் மற்றொன்றைக் கரடிக்குட்டிக்குள்ளும் திணித்துவிட்டுக் காத்திருந்தாள்.

பிறகு மூட்டைகளை எடுத்துத் தொட்டுப் பார்த்தாள். மான்தோலில் இருந்தது ஆறிக் கிடந்தது. அதற்குள்ளே மூச்சு விடக்கூட இடமில்லை. தோலை ஒட்டியிருந்த சூடெல்லாம் வெளியே போய்விட்டது. ஆட்டுத்தோலில் இருந்ததோ இன்னும் சுட்டது. உள்ளே ரோமத்தின் நடுவே கொஞ்சம் இடம் இருந்ததால், சூடு அங்கேயே தங்கிவிட்டது.

அவளுக்கு மான்தோலைக் கீழே வைக்க மனமே வரவில்லை. ஒருமுறை அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். "அவர் கையை இறுக்கிப் பிடிச்சுக்கணும்னு ஆசைப்படறது நான். அவருக்கு வேண்டியது அவர் விரல்தானே" என்று சொல்லி விம்மி அழுதாள். அழுதுகொண்டே கரடிக்குட்டியை வாங்கிப்போய் வீரணன் வண்டியில் கொடுத்தாள்.

மூன்றாவது குளிர்காலமும் வந்தது, போனது. சேதி ஒன்றும் வரவில்லை. கோடை பிறந்தது. அன்றைக்கும் அந்தியில் விளக்கேற்றினாள். சுவரில் கை வைத்தாள்.

"சாப்பிட்டீங்களா?"

"இன்னும் இல்லை" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

அவள் திரும்புவதற்குள் ஒரு கை வந்து அவள் கைமேல் அமர்ந்தது. காய்த்துப்போன கைதான், ஆனால் விரல் ஐந்தும் இருந்தன.

ஆகவே, அன்பு வைத்தவருக்கு ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது, நம்முடைய ஏக்கத்தைக் கொண்டு அளக்காமல் அவருடைய தேவையைக் கொண்டே அளக்க வேண்டும்.