புளி தேய்த்த கார்

ஒரு வீட்டில் மூன்று பேர் ஒரு காருக்குப் பயந்து வாழ்ந்தார்கள். அவர்களில் யார் என்ன செய்தார் என்பதைக் கவனித்து வாருங்கள். முடிவில் தீர்ப்பு சொல்லப்போவது நீங்கள்.

தூத்துக்குடியில், உப்பளங்களை ஒட்டிய தெருவில் அந்த வீடு. வீடும் காரும் மூத்தவன் சங்கரபாண்டிக்குச் சொந்தம். அவன் கப்பலில் வேலை பார்ப்பவன். வருஷத்தில் பெரும்பகுதி கடலில்தான். வீட்டில் இருந்தவர்கள் அவன் அம்மா பேச்சியம்மாள், தம்பி வேல்மயில், தம்பி மனைவி செண்பகவல்லி. தம்பிக்கு வாடகை கிடையாது. பதிலுக்கு, ஷெட் இல்லாமல் தெருவிலேயே நிற்கும் அந்தக் கருநீலக் காரின் பெயிண்ட் கெடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

"உப்புக் காத்து பெயிண்டத் தின்னுரும்," என்று அண்ணன் கப்பலுக்குப் புறப்படும்போது தம்பியிடம் சொல்லியிருந்தான். "காலைல கவர எடு. தண்ணி ஊத்தி உப்ப எறக்கு, அப்புறந்தான் துணி படணும். ஈரத்தோட மூடாத. மரத்தடிக்குக் கொண்டு போகாத. ஒரு கோடு விழுந்துச்சுன்னா வேற வீடு பாத்துக்கோ."

அது வெறும் பேச்சல்ல. அவனுடைய லேப்டாப்பை மழையில் நனையவிட்ட தங்கை அதன்பிறகு இந்த வீட்டுப் படி ஏறியதே இல்லை. பேச்சியம்மாள் தன் மகளைக் கோயில் கூட்டத்தில்தான் பார்த்துக்கொள்கிறாள். அம்மாவை மட்டும் அவன் ஒன்றும் சொன்னதில்லை. ஒவ்வொரு முறையும் தெரு பார்க்க அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் கப்பலுக்குப் போவான்.

அவன் விடுமுறைக்கு வரவேண்டிய வாரம். கவரில் படிந்த உப்பே பெயிண்டை உரசிவிடுமோ என்று பயந்து, செண்பகவல்லி அதைத் துவைத்து மாடியில் காயப்போட்டாள். மூடாத கார் வெயிலில் கொதிப்பதைப் பார்த்த வேல்மயிலுக்கு வேறு பயம். எதிர்ப்பக்கத்து வாதுமை மர நிழலில் அதை நிறுத்திவிட்டு வேலைக்குப் போய்விட்டான். மதியத்துக்குள் பானெட்டில் காக்கை எச்சம் விழுந்து, காய்ந்து, ஒட்டிக்கொண்டது.

மறுநாள் வெள்ளிக்கிழமை என்பதால் பேச்சியம்மாள் வாசலில் உட்கார்ந்து குத்துவிளக்கு தேய்த்துக்கொண்டிருந்தாள். வருஷக்கணக்கான எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கும் புளி இதைப் போக்காதா? கையில் இருந்த புளியோடும் தேங்காய் நாரோடும் போய் அழுத்தித் தேய்த்தாள். எச்சம் போனது. பளபளப்பும் போனது. பானெட்டின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளை மூட்டம்; உற்றுப் பார்த்தால் நார் சுற்றிய வழியெல்லாம் கீறல்.

செண்பகவல்லி வந்து பார்த்தபோது மாமியார் பாதி தேய்த்த விளக்கை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள்.

"பித்தள மாதிரி மினுங்கும்னுல்லா நெனச்சேன்."

"விடுங்க அத்தை. கப்பல்ல இருந்து அத்தான் வாரதுக்கு முன்னாடியே போன்ல சொல்லிருவோம்."

"வேண்டாம்ட்டி." கிழவி மருமகளின் கையை இழுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டாள். "எம் பேர யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு."

கிழவி அழுத்திப் பிடித்திருந்த கையைச் செண்பகவல்லி உருவிக்கொள்ளவில்லை. சத்தியம் செய்தாள்.

சாயங்காலம் வேல்மயில் வந்து காரைச் சுற்றி வந்தான். வாசலில் புளியும் நாரும் பாதி தேய்த்த விளக்கும் கிடந்ததைப் பார்த்தான். "காரையும் வெளக்காக்கிட்டியேம்மா. திரி போட்டு ஏத்த வேண்டியதுதான் பாக்கி," என்றான். யாரும் சிரிக்கவில்லை, அவனும் சிரிக்கவில்லை. காரைப் பழைய இடத்தில் நிறுத்தி, மூட்டத்தின் மேல் தேங்காய் எண்ணெய் தடவினான். மூட்டம் மறைந்தது. "அவன் லீவு முடியுற வரைக்கும் தெனம் தடவிருவேன்." அதற்குப் பிறகு தெருவில் எந்த ஆட்டோ நின்றாலும் மூவரும் பேச்சை நிறுத்திவிட்டு வாசலைப் பார்த்தார்கள்.

சங்கரபாண்டி வந்தான். தோள் பையை இறக்காமலே கவரை விலக்கினான். பானெட்டில் ஒரு விரலை ஓட்டி முகர்ந்து பார்த்தான். கைக்குட்டையால் துடைத்தான். மூட்டம் வெளியே வந்தது.

"யாரு செஞ்சது?" குரலை உயர்த்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"காக்கா எச்சம்ணே," என்றான் வேல்மயில்.

"காக்கா எண்ண தேச்சுக் குளிச்சுதோ?"

பேச்சியம்மாள் வாசற்படியில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். "யாரு செஞ்சது?" என்று சங்கரபாண்டி மறுபடி கேட்டான். அவள் முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள். ஒரு படி இறங்கினாள்.

"நாந்தான் அத்தான்," என்றாள் செண்பகவல்லி. "புளி போட்டுத் தேச்சுட்டேன்."

அவன் அவளைப் பார்க்கவே இல்லை. தம்பியிடம் சொன்னான்: "வேற வீடு பாத்துக்கோ. அம்மா இங்க இருக்கட்டும். வண்டிய இனிமே அம்மாவே பாத்துக்கிடுவா."

பேச்சியம்மாளின் முந்தானை மறுபடி வாய்க்குப் போனது.

அண்ணன் சொல்லை மீறி மரத்தடிக்குக் கொண்டுபோய், பிறகு எண்ணெய் தடவி மறைத்தவன் வேல்மயில். தேய்த்துக் கெடுத்துவிட்டு, சத்தியம் வாங்கிக்கொண்டவள் பேச்சியம்மாள். செய்யாத குற்றத்தைத் தன்மேல் போட்டுக்கொண்டவள் செண்பகவல்லி. இதில் யார் செய்தது சரி?

விடை: செண்பகவல்லி என்று சொல்லத்தான் மனம் வரும். ஆனால் மாமியார் பெயரைச் சொல்வதில்லை என்றுதான் அவள் சத்தியம் செய்தாள். தன் பெயரைச் சொல்வதாக அல்ல. அவள் வாய் திறக்காமல் இருந்திருந்தாலே சத்தியம் நின்றிருக்கும். அந்த வீட்டிலிருந்து சங்கரபாண்டியால் அனுப்ப முடியாத ஒரே ஆள் அவன் அம்மா. பெற்றவளை அனுப்பினால் தெரு என்ன சொல்லும் என்ற பயம் அவனுக்கும் உண்டு. அவளோ வாயிலிருந்து முந்தானையை எடுத்துவிட்டாள், ஒரு படி இறங்கியும் விட்டாள். இந்தக் கதையில் சரியாகச் செய்யப்பட்ட காரியம் அந்த ஒரு படிதான். இரக்கத்தாலும் அவசரத்தாலும் மருமகள் அதை அங்கேயே நிறுத்திவிட்டாள். இப்போது விடிந்ததும் பேச்சியம்மாள் தனியாகக் கவரை விலக்குகிறாள், தண்ணீர் ஊற்றுகிறாள். துணியைக் கையில் எடுத்த பிறகு, அதைக் காரின் மேல் வைக்க அவளுக்கு வெகுநேரம் ஆகிறது.