கையொப்பத்துக்குப் பத்துப் பொன்

கொன்றையூரை ஆண்ட சுந்தரகேசரிக்குப் புகழ்ச்சி என்றால் பாயசம் மாதிரி. அதைச் சலிக்காமல் கிண்டிக் கொடுக்க ஆஸ்தானப் புலவர் மகுடேசர் இருந்தார். அவர் மன்னர்மேல் ஆயிரம் பாட்டுப் பாடி ஒரு சுவடியாக வெளியிட்டார். விலை ஒரு பொன். தம் கையால் ஒப்பமிட்டுத் தந்தால் பதினொரு பொன்.

வாங்க ஆளில்லை. புலவர் சும்மா இருப்பாரா? ஒப்பமிட்ட சுவடியை நாட்டிலுள்ள உபாத்தியாயர்கள் எல்லாரும் வாங்கியே தீரவேண்டும் என்று மன்னரிடம் உத்தரவு பெற்றுவிட்டார்.

உபாத்தியாயர் உலகநாதர் கறவை மாட்டை விற்று வாங்கினார். வாங்கிய கையோடு, சபையில் விகடம் பேசும் ஆவுடையப்பன் வீட்டுக்கு வந்தார்.

"ஆயிரம் பாட்டுக்கு ஒரு பொன். ஒரு பேருக்குப் பத்துப் பொன். இது எந்த ஊர் நியாயம்? நீர்தான் கேட்க வேண்டும்."

மாடு போன வீட்டில் பிள்ளைகளுக்குப் பால் ஏது? ஆவுடையப்பனுக்கு மனசு கேட்கவில்லை.

"சுவடியை வைத்துவிட்டுப் போம். நாளை சபைக்கு வாரும்."

அன்று முழுக்க உட்கார்ந்து படித்தார். அந்த நாட்டில் அதைப் படித்த முதல் மனிதர் அவர்தான். பாதிவரை கொட்டாவி. அதன்பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மறுநாள் சபையில் சுவடியைப் பணிவாக நீட்டினார்.

"புலவரே, இது தங்கள் ஒப்பம்தானே?"

"இந்தச் சுழிப்பு வேறு யாருக்கு வரும்?"

"இதற்கு ஏன் பத்துப் பொன் கூடுதல்?"

"ஒப்பம் என்றால் என்னவென்று நினைத்தீர்? உள்ளே இருக்கும் ஒவ்வொரு எழுத்தும் என்னுடையது என்று நானே ஒப்புக்கொள்வது. அந்த உறுதிக்குத்தான் விலை."

"நியாயமாகத்தான் படுகிறது" என்றார் மன்னர்.

"எனக்கும் அப்படியே, மன்னா. இப்போது அறுநூறாம் பாட்டைப் படிக்கிறேன்" என்ற ஆவுடையப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"புன்னைநகர் வேந்தன் வச்சிரபாகுவின்
கால்புழுதிக்கு ஈடோ கொன்றையூர்க் கோமான்?"

வச்சிரபாகு பகைவன். மகுடேசர் முன்பு அவனிடம் இருந்தபோது பாடிய பாட்டுகள் அவை. முன்பாதியில் மட்டும் பெயரை மாற்றியிருந்தார். அதற்குமேல் யார் படிக்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டார்.

"ஏடு எழுதினவன் பிழை, மன்னா" என்றார் புலவர்.

"ஒப்பமில்லாத சுவடியாக இருந்தால் நானும் நம்பியிருப்பேன்" என்றார் ஆவுடையப்பன். "இதில்தான் ஒவ்வொரு எழுத்தையும் ஒப்புக்கொண்டிருக்கிறாரே."

மன்னரின் மீசை துடித்தது. "இந்தச் சுவடி ஒன்றுகூட இனி ஊருக்குள் இருக்கக் கூடாது. புலவரே, அத்தனையையும் நீரே திருப்பி வாங்கும்."

மகுடேசர், ஆவுடையப்பன் பக்கத்தில் நின்ற உலகநாதரிடம் போய்ப் பதினொரு பொன்னை எண்ணி நீட்டினார். உலகநாதர் கையை நீட்டவில்லை.

"அது ஒப்பமிட்ட சுவடியின் விலை, புலவரே. இது ஒப்பமிட்டதோடு ஒருவர் முழுக்கப் படித்தும் முடித்த சுவடி. நாட்டிலேயே ஒன்றுதான் இருக்கிறது. இன்னொரு பத்துப் பொன் ஆகும்."

முதலில் சிரித்தவர் மன்னர்தான். ஆவுடையப்பனுக்குப் பட்டுச் சால்வை கிடைத்தது. உலகநாதருக்கு இருபத்தொரு பொன்.