உட்கார வேண்டியவர்

ஊசியால் தோலில் வரைகிறவர்கள் தூரிகை எடுத்துச் சுவரில் வரைந்த ஆண்டில் இது நடந்தது.

கடலோரப் பெருநகரம் ஒன்றில் குமுதவல்லி என்பவள் பச்சை குத்தும் கடை வைத்திருந்தாள். அவளிடம் தொழில் கற்க வந்தவன் இசக்கியப்பன். அவன் அவளைவிட வயதில் மூத்தவன். அதற்கு முன் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இரத்தம் எடுத்துக்கொண்டிருந்தவன். ஊசி பிடித்தால் கை நடுங்காதவன். அவளை அவன் ‘மாஸ்டர்’ என்று அழைத்தான்.

அவள் அவனுக்கு முதலில் கற்பித்தது வரையும் முறையை அன்று, கேட்கும் முறையை.

“உட்கார்ந்தவங்களைக் கேக்காம ஒரு புள்ளிகூட வைக்கக் கூடாது” என்றாள்.

“அவங்களாத்தானே மாஸ்டர் கடை தேடி வர்றாங்க?”

“வாசல்ல சொன்னது வேற. நாற்காலியில உட்கார்ந்தப்புறம் மறுபடியும் கேக்கணும்.”

இன்னொன்றையும் கற்பித்தாள். பச்சை குத்திய புண் ஆறும்போது சில இடங்களில் மை வெளிறிப்போகும். அப்போது உரியவர் மீண்டும் வந்து அதே நாற்காலியில் அமர்வார். வெளிறிய இடத்தை நிரப்பித் தர வேண்டும். தொழிலில் அதற்கு டச்சப் என்று பெயர்.

“நம்மை நம்பி வலி தாங்கினவங்க. அவங்களைப் பாதியில விட்டுறக் கூடாது” என்றாள். இசக்கி அதை மனத்தில் நிறுத்திக்கொண்டான்.

அந்தக் கோடையில் நகரை அழகுபடுத்த ஒரு குழு அமைக்கப்பட்டது. உயிருள்ள தோலில் பிழையின்றி வரைகிறவர்களுக்குச் சுவர் எம்மாத்திரம் என்று எண்ணி, அக்குழுவினர் பச்சை குத்துவோரை அழைத்தார்கள். கால்வாய்க்கரைக் குடியிருப்பு ஒன்று சாலையில் போவோர் கண்ணில் படாதவாறு அதன் முன்னே ஒரு நெடுஞ்சுவர் நின்றது. அதில் அக்குடியிருப்பில் வாழ்வோரின் முகங்களை வரைய வேண்டும் என்பது ஏற்பாடு. சுவரின் நடுப்பகுதி இசக்கிக்குக் கிடைத்தது.

சுவரின் முனையில் தள்ளுவண்டி நிறுத்தித் துணி தேய்த்துக்கொண்டிருந்தாள் தனபாக்கியம் என்னும் பெண். இசக்கி அவளிடம் சென்றான். கற்றபடியே கேட்டான்.

“உங்க முகத்தை இந்தச் சுவத்துல வரையலாமா அம்மா?”

“என் மூஞ்சியா? ரோட்ல போறவன் பாத்துட்டுப் பயந்து பள்ளத்துல வுழுந்தா யாருப்பா பதில் சொல்றது?”

“சம்மதமா இல்லையா, சொல்லுங்க.”

“வரைஞ்சுக்கோ. ஆனா வாய மூடி வரை. முன்பல்லு இல்லாதது ஊருக்கெல்லாம் தெரிய வேணாம்.”

கவிழ்த்த வாளி ஒன்றின்மேல் அவள் அமர்ந்தாள். இசக்கி மறுபடியும் கேட்டான். அவள் மறுபடியும் தலையசைத்தாள். ஆனால் வாயை மூடிவைத்திருக்க அவளால் இயலவில்லை. குடியிருப்புப் பெண்கள் சுற்றி நின்றார்கள்.

“தனம், கன்னத்தை உள்ள இழு. சுவரு பத்தலையாம்!”

“மூக்குக்கு மட்டும் ரெண்டு டப்பா பெயிண்டு ஆவும்டி!”

அவள் சிரித்தாள். இசக்கி அந்தச் சிரிப்பையே வரைந்தான். முன்பல் இல்லாத இடைவெளியையும் விடவில்லை. ஓர் ஆளின் உயரத்தைவிடப் பெரிதாக எழுந்தது அந்த முகம். முடிந்ததும் அவள் சாலையைக் கடந்து எதிர்ப்புறம் நின்று பார்த்தாள்.

“அடப்பாவி, பல்லு!” என்று வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். சிறிது நேரம் கழித்துக் கையை எடுத்தாள்.

பிறகு அவன் அருகே வந்து, பிறர் கேளாதவாறு சொன்னாள்.

“தம்பி, எங்களைக் காலி பண்ணப் போறதா ரொம்ப நாளாப் பேச்சு. இப்ப எங்க மூஞ்சியவே அவங்க சுவத்துல போட்டுட்டாங்க. இனிமே கை வைக்க மாட்டாங்க இல்ல?”

“எப்படி அம்மா வைப்பாங்க? போட்டது போட்டதுதான். இது உங்களை விட்டுப் போகாது.”

தோலில் வரைந்து பழகியவன் வாயிலிருந்து அந்தச் சொல் தடையின்றி வந்தது. தோலைப் பொறுத்தவரை அது என்றும் பொய்த்ததில்லை.

சற்றுத் தள்ளித் தூரிகைகளைக் கழுவிக்கொண்டிருந்த குமுதவல்லியின் கைகள் நின்றன. அவள் அவனைப் பார்த்தாள். பிறகு மீண்டும் கழுவத் தொடங்கினாள்.

மழைக்காலம் வந்து போயிற்று. கால்வாயை அகலப்படுத்த வேண்டும் என்று சொல்லிக் குடியிருப்பை இடித்தார்கள். மக்களையும் பாத்திரங்களையும் ஒன்றாக லாரிகளில் ஏற்றி, நகருக்கு வெளியே கட்டப்பட்டிருந்த அடுக்குமாடிகளில் இறக்கிவிட்டார்கள்.

சுவரை மட்டும் இடிக்கவில்லை. அதைப் பார்க்க வெளியூர்களிலிருந்தும் ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். அதன் எதிரே விளக்குகள் பொருத்தப்பட்டன. காவலுக்கு ஒருவர் அமர்த்தப்பட்டார். சுவருக்குப் பின்னால் வெறும் செங்கல் குவியலும் கால்வாயும் இருந்தன.

இசக்கி அந்தச் சாலை வழியே போவதை விட்டுவிட்டான்.

ஒரு நாள் அழகுபடுத்தும் குழுவின் அதிகாரி கடைக்குத் தொலைபேசியில் பேசினார். நடுவில் இருக்கும் அம்மாவின் கன்னத்தில் நிறம் வெளிறிவிட்டது. விழா ஒன்று வருகிறது. வந்து சரிசெய்து தர வேண்டும் என்றார்.

இசக்கி தொலைபேசியை வைத்தான். பிறகு கேட்டான்.

“மாஸ்டர், நான் அந்த அம்மாவுக்கு ஒரு வாக்குக் கொடுத்தேன். அது பொய்யாப் போச்சு. அந்த முகத்தையாவது வெளிறாமப் பாத்துக்கிட்டா, வாக்குல பாதியாவது நிக்காதா?”

குமுதவல்லி எழுந்தாள். கடையில் வாடிக்கையாளர் அமரும் நாற்காலியைத் தூக்கினாள்.

“இதை ஆட்டோவுல ஏத்துங்க” என்றாள்.

சுவரின் முன்னே அவள் நாற்காலியை வைத்தாள். அதன்மேல் புதிய உறையை விரித்தாள். பக்கத்தில் ஒரு முக்காலியிட்டுத் தான் அமர்ந்தாள். கையுறைகளை அணிந்துகொண்டாள். பிறகு காத்திருந்தாள். நிறக்கிண்ணங்கள் மூடியபடியே இருந்தன.

அதிகாரி வந்தார். நல்ல மனிதர். வெயிலில் வந்தவர்களுக்கு மோர் வரவழைத்தார்.

“ஆரம்பிக்கலாமே மேடம்?”

“அவங்க இன்னும் வரலையே சார்.”

“யாரு?”

“உட்கார வேண்டியவங்க.”

அதிகாரி நாற்காலியைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். சிரித்தார்.

“சுவருக்குப் பெயிண்ட் அடிக்க ஆள் எதுக்கு மேடம் உட்காரணும்?”

“டச்சப்னு சொல்லித்தானே சார் கூப்பிட்டீங்க? உரியவங்க உட்காராம நாங்க செய்யறதில்லை.”

“அவங்கதான் இங்க இல்லையே. நல்ல வீடு கொடுத்திருக்கு. லிஃப்ட் எல்லாம் இருக்கு.”

“அப்படியா? நல்லது. நாங்க காத்திருக்கோம்.”

“விளையாடறீங்களா? இந்த ஊர்ல நீங்க ஒருத்தர்தானா? நாளைக்கே வேற ஆளை வெச்சு முடிச்சுடுவேன்.”

குமுதவல்லி நாற்காலியின் உறையைச் சரிசெய்தாள். அதிகாரி தலையை ஆட்டிக்கொண்டு காரில் ஏறிப் போனார். அவள் இசக்கியின் பக்கம் திரும்பினாள்.

“போய்க் கூட்டிட்டு வாங்க” என்றாள்.

இசக்கி பேருந்து மாறி மாறிப் போனான். நகரம் முடிந்து வெகுதூரம் போன பின் அந்த அடுக்குமாடிகள் தெரிந்தன. அவை எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன. எட்டாவது மாடியில் தனபாக்கியத்தின் வீட்டைக் கண்டுபிடித்தான். காற்றில் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க, கனத்த இஸ்திரிப் பெட்டியை அதற்கு முட்டுக் கொடுத்திருந்தாள்.

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்து வந்திருந்தான். திட்டினால் தேவலை என்றும் நினைத்திருந்தான்.

“வா தம்பி. மாடியேறி வந்தியா? லிஃப்ட்டு ஒரு நாள் ஓடும், ஒரு நாள் ஓடாது. தண்ணி குடி.”

அவன் குடித்தான். பார்வை இஸ்திரிப் பெட்டியிலேயே இருந்தது.

“வேலைக்குப் போகலையா அம்மா?”

“மேல கரி மூட்டக் கூடாதாம், புகை வருதாம். கீழ வண்டி வெக்க எடமில்ல. எடம் இருந்தாத்தான் என்ன, இங்க யாரு இஸ்திரி போட்ட துணி கட்றா?” என்றாள். பிறகு, ஊரிலிருந்து வந்தவரிடம் உறவினரைப் பற்றி விசாரிப்பதுபோல் கேட்டாள்.

“அங்க நான் எப்படிக் கீறேன்?”

இசக்கி டம்ளரைக் கீழே வைத்தான்.

“சிரிச்சுட்டு இருக்கீங்க.”

“சிரிக்கட்டும்.”

“நீங்க வந்து பாக்கவே இல்லையா?”

“வந்தேனே. ஒருவாட்டி வந்தேன். எதிர்ல நின்னு பாத்துட்டிருந்தேன். அந்த வாச்மேன் கெயவன், ‘தள்ளிப் போம்மா, போட்டோ எடுக்கறாங்க’ன்னான்.”

“அது நான்தான்னு நீங்க சொல்லலையா?”

“எப்படிச் சொல்றது? சிரிச்சுக் காட்டினாத்தானே நம்புவான்? பல்லு போன எடத்தைக் காட்டணும்ல? நானும் சிரிச்சுப் பாத்தேன் தம்பி. வரல. தள்ளிப் போயிட்டேன்.”

வெளியே காற்று கதவை இழுத்தது. இஸ்திரிப் பெட்டி அசையவில்லை.

“அம்மா, சுவத்துல உங்க கன்னம் வெளுத்துப் போச்சு. அதைச் சரி பண்ணச் சொல்றாங்க. நீங்க வந்து உட்கார்ந்தாத்தான் செய்வோம்னு மாஸ்டர் காத்துட்டு இருக்காங்க. வர்றீங்களா?”

தனபாக்கியம் தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

“வந்து உட்காந்தா, அப்புறம் எழுந்து எங்க போறது?” என்றாள்.

அவன் தலை குனிந்து கண்ணைத் துடைத்தான்.

“நீ ஏம்பா அழுவற? நீயா இடிச்சே? போ, பஸ்ஸு போயிடும்.”

படியில் இறங்கத் தொடங்கியவன் திரும்பி வந்து கேட்டான்.

“அப்போ அந்த முகத்தை வெள்ளையடிச்சு மறைச்சுறட்டுமா அம்மா? சொல்லுங்க, செஞ்சுடறேன்.”

அவள் யோசித்தாள்.

“வேணாம். அவளாச்சும் அங்க இருக்கட்டும்.”

இசக்கி சுவருக்குத் திரும்பியபோது வெயில் தாழ்ந்திருந்தது. குமுதவல்லி அதே இடத்தில் அமர்ந்திருந்தாள். கையுறையைக் கழற்றவில்லை. நாற்காலி காலியாக இருந்தது.

படம் எடுக்க வந்த இளம்பெண்கள் சிலர் சற்றுத் தள்ளி நின்றார்கள். காவலாளி குமுதவல்லியிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

“அந்தச் சேரையாவது எடும்மா. படத்துல வுழுதாம். காலையிலேர்ந்து யாரு வருவாங்கன்னு போட்டு வெச்சிருக்கே?”

“இந்த முகத்துக்காரங்க” என்றாள் அவள்.

காவலாளி சுவரை ஏறிட்டுப் பார்த்தார். ஏதோ நினைவுக்கு வந்தவர்போல் நாற்காலியையும் பார்த்தார். பிறகு தன் இடத்துக்குப் போய் அமர்ந்துவிட்டார்.

“வரமாட்டாங்க மாஸ்டர்” என்றான் இசக்கி.

அவள் கையுறைகளை மெல்லக் கழற்றினாள். நிறக்கிண்ணங்களைப் பெட்டியில் வைத்தாள்.

“அன்னைக்கு நான் வாக்குக் கொடுத்தப்போ நீங்க பாத்தீங்களே. ஏன் தடுக்கல?”

“அந்த அம்மா முகம் அப்போ எப்படி இருந்துச்சுன்னு நீங்க பாக்கலையா? எனக்கு மனசு வரல.”

“வெள்ளையடிக்கட்டுமான்னு கேட்டேன்.”

“என்ன சொன்னாங்க?”

“‘அவளாச்சும் இருக்கட்டும்’னாங்க.”

“அப்போ இருக்கட்டும்.”

அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். இசக்கி நாற்காலியைத் தூக்கப் போனான்.

“விடுங்க. அது இங்கேயே இருக்கட்டும்.”

“நாளைக்கு வேற ஆள் வந்து நிறத்தைப் பூசிட்டுப் போயிருவாரே மாஸ்டர்?”

“வரட்டும். நம்ம தொழில்காரர்தானே? காலி நாற்காலியைப் பாத்தா அவருக்கும் புரியும்.”

இருவரும் சாலையைக் கடந்தார்கள். எதிர்ப்புறம் வந்ததும் இசக்கியால் திரும்பிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. சாயும் வெயிலில் அந்தப் பெருஞ்சிரிப்பு முழுமையாகத் தெரிந்தது. கன்னத்தில் மட்டும் நிறம் உதிர்ந்து, சுவரின் சாம்பல் வெளுப்பு எட்டிப் பார்த்தது.

“மாஸ்டர், நாம கடையில போட்ட எதுவும், புண் ஆறினப்புறம், இவ்வளவு சீக்கிரம் வெளுத்ததில்லையே. வருஷக்கணக்கா நிக்குதே. இது ஏன் இப்படி?”

குமுதவல்லி அந்த முகத்தையும் அதன் பின்னே குடியிருப்பு இருந்த வெற்றிடத்தையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உடம்புலேர்ந்து உரிச்சு எடுத்த தோல் அப்படித்தான் வெளுக்கும், இசக்கி” என்றாள்.