கருவாயன் கடித்த வழக்கு

வெண்ணாற்றூர் அரசன் உக்கிரசேனனுக்கு எதிரிப் படை என்றால் பயமில்லை. ராணி கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் படுத்துவிட்டால் மட்டும் கையும் ஓடாது, காலும் ஓடாது. அன்றைக்கு ராணி மூன்று வேளைப் பட்டினி. காரணம், அவளுடைய அருமைத் தம்பி துரைசிங்கத்தை ஒரு நாய் கடித்துவிட்டது.

எங்கே கடித்தது என்று யாரும் கேட்கவில்லை. சபையில் எல்லோரும் உட்கார்ந்திருக்க, அவர் மட்டும் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதற்கு மேல் என்ன கேட்பது?

கடித்தது கருவாயன். சண்டைச் சேவல் வளர்க்கும் காத்தாயியின் கோம்பை நாய். புருஷன் போய்ச் சேர்ந்தபின் ஊர்க்கோடியில் தனியாக இருக்கும் அவளுக்கும் அவள் சேவல்களுக்கும் அந்த நாய் ஒன்றுதான் காவல். துரைசிங்கத்தின் சேவல் மூன்று வருஷமாகத் திருவிழாச் சண்டையில் அவள் சேவலிடம் தோற்று ஓடியது. இந்த வருஷம் ஜெயித்தே தீருவது என்று முடிவு செய்த அந்த மகாவீரர், அவள் தண்ணீருக்குப் போன நேரம் பார்த்துச் சுவரேறிக் குதித்தார். சேவலின் காலை முறித்துவிட்டு வந்துவிடலாம் என்று கணக்கு. கூண்டுக் கதவில் கை வைத்தார். அவ்வளவுதான்.

தருமாதிகாரி சிங்கண்ணா தொண்டையைச் செருமிக்கொண்டு தீர்ப்போலையைப் படித்தார்.

“ஒருவர் வீட்டுக்குள் இன்னொருவர் எந்த வழியாக, எந்த நோக்கத்தோடு நுழைந்தாலும் சரி, உள்ளே விலங்கு கடித்தால் வீட்டுக்காரரே குற்றவாளி. கடித்த விலங்கை மாலைக்குள் கொன்றுவிட வேண்டும். வீட்டுக்காரர் கடிபட்டவரின் வீட்டுக்கே போய், புண் ஆறும்வரை தன் கையால் மருந்து போட வேண்டும்.”

காத்தாயி பதறிப்போனாள். “ஐயா, செவரேறிக் குதிச்சது அவுக. என் நாயி அவுக வீட்டுக்குப் போயா கடிச்சுது?”

“சுவரில் ‘நாய் இருக்கிறது’ என்று எழுதி வைத்தாயா?” என்றார் சிங்கண்ணா.

“எனக்கு எழுதத் தெரியாதுங்க.”

“அதுவும் உன் குற்றம்தான்.”

“நான் யார் என்று ஒரு வார்த்தை விசாரிக்காமலே கடித்தது, அத்தான்!” என்று தூணோரத்திலிருந்து முனகினார் துரைசிங்கம்.

விகடகவி தேனப்பனுக்கு வயிறு எரிந்தது. சும்மா கிடந்த நாய் சாகப் போகிறது. நாய் போனால் நாளைக்கே சேவலும் போகும், அவளுடைய பிழைப்பும் போகும். ஆனால் அரசனைக் கண்டு பழகியவன் அவன். குறுக்கே நின்றால் உக்கிரசேனன் பிடித்த பிடியை விடமாட்டான். புகழ்ந்தால் எங்கே வேண்டுமானாலும் வருவான்.

தேனப்பன் மெல்ல வெளியே நழுவினான். சிறைக் காவலனிடம், “அரசர் அழைக்கிறார்” என்று கூசாமல் ஒரு பொய்யைச் சொன்னான். திரும்பி வரும்போது முகமெல்லாம் பல்.

“அரசே! இப்படி ஒரு தீர்ப்பை எந்த நாட்டிலும் கேட்டதில்லை. ஒரே ஒரு குறை.”

“என்ன குறை?”

“மைத்துனருக்காகவே போட்ட சட்டம் என்று ஊர்வாய் பேசும். ‘வீட்டுக்காரர் எவராயினும்’ என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் வாயடைத்துப் போவார்கள்.”

“பார்த்தீரா சிங்கண்ணா! இவனுக்குத் தோன்றியது உமக்குத் தோன்றவில்லையே!” என்றான் அரசன். சிங்கண்ணா அவசரமாக எழுத்தாணியை எடுத்துக் கீறினார். அரசன் முத்திரை வைத்தான்.

காத்தாயி தேனப்பனைப் பார்த்தாள். நீயுமா என்று கேட்பது போலிருந்தது. அவனால் அவள் முகத்தை ஏறெடுத்துப் பார்க்க முடியவில்லை.

அப்போது காவலன் ஒரு கைதியை இழுத்துவந்தான். பகைநாடான கீழ்க்காட்டூரிலிருந்து இரண்டு மாதத்துக்கு முன் அரண்மனை அகழியில் நீந்தி வந்த ஒற்றன். முதலை கௌவிய கால் இன்னும் ஆறவில்லை. நொண்டி நொண்டி வந்து நின்றான்.

“இவன் எதற்கு இங்கே?” என்றான் அரசன்.

“இவனும் ஒரு வீட்டுக்குள் நுழைந்து கடிபட்டவன், அரசே. நியாயம் கேட்டு வந்திருக்கிறான்.”

“யார் வீட்டில்?”

“தங்கள் வீட்டில்.”

அரசன் முகத்தில் ஈயாடவில்லை. “உளவு பார்க்க வந்தவனடா இவன்!”

“‘எந்த நோக்கத்தோடு நுழைந்தாலும்’ என்று இருக்கிறது.”

“அகழியில் நீந்தி வந்தான்!”

“‘எந்த வழியாக’ என்றும் இருக்கிறது. அகழிக் கரையில் ‘முதலை இருக்கிறது’ என்று நாம் எழுதியும் வைக்கவில்லை. காத்தாயிக்காவது எழுதத் தெரியாது.”

சிங்கண்ணா ஓலையை மடிக்குள் செருகப் பார்த்தார். தேனப்பன் விடவில்லை.

“கடித்த முதலை எது என்று தெரியாததால், மாலைக்குள் அகழியிலுள்ள ஒன்பதையும் கொன்றாக வேண்டும். தாங்களும் உடனே கீழ்க்காட்டூர் புறப்பட வேண்டும், இவன் காலுக்கு மருந்து போட. பல்லக்கைக் கொண்டுவரச் சொல்லட்டுமா?”

ஒற்றன் தலையைச் சொறிந்தான். “மகாராசா, வாறதா இருந்தா மழைக்கு முன்னாடி வந்திருங்க. நம்ம வீடு ஒழுகும்.”

அரசன் எழுந்தான். ஓலையைப் பிடுங்கி இரண்டாக முறித்துப் போட்டான். “வீட்டைக் காத்த நாய்க்குத் தண்டனையாம், தண்டனை! போ அம்மா, உன் நாயை யாரும் தொடமாட்டார்கள்.”

காத்தாயி அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள். தேனப்பனுக்கும் கண் கலங்கியது, சால்வையால் துடைத்துக்கொண்டான்.

“அத்தான், என் புண்?” என்றார் துரைசிங்கம்.

“வைத்தியரிடம் போ. அங்கேயாவது வாசல் வழியாகப் போ.”

சொல்லிவிட்டு அரசனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றித் தேனப்பனுக்குப் போட்டான். பிறகு தாடையைத் தடவியபடி, “தேனப்பா, அது நல்ல நாய். ஆள் யார் என்று பார்க்காமல் திருடனைப் பிடித்திருக்கிறது. அதன் குட்டி ஒன்றை வாங்கி நம் சபை வாசலில் கட்டினால் என்ன?” என்று கேட்டான்.

“வேண்டாம் அரசே” என்றான் தேனப்பன். “அப்புறம் தினமும் சபையில் தாங்கள் தனியாக உட்கார்ந்திருக்க வேண்டிவரும்.”

அரசன் விழுந்து விழுந்து சிரித்தான். சபையில் வேறு ஒருவரும் சிரிக்கவில்லை.