சாகாத ஹார்ட் டிஸ்க்

“சாவாத ஹார்ட் டிஸ்க் எந்தக் கம்பெனி போடுதான்? ஒரே ஒரு பேரு சொல்லுங்கம்மா, போயிருதேன்.”

உமையொருபாகம் இதைக் கேட்பது முப்பத்தைந்தாவது சனிக்கிழமை.

ஜெபக்கனி ஸ்க்ரூ டிரைவரால் ஒரு டிஸ்க்கைத் திறந்துகொண்டிருந்தாள். செத்துப்போன ஹார்ட் டிஸ்க்கிலிருந்து படமும் கடிதமும் மீட்டுக் கொடுப்பது அவள் தொழில். பாளையங்கோட்டையில் அதற்கு வேறு ஆள் கிடையாது. அவளைவிட இருபது வயது மூத்தவரான உமையொருபாகம், அவளைக் குருவாக வரித்துக்கொண்டார். அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஊரில் மற்ற குருமார்களுக்குத் தண்ணீர் சுமக்கிற சீடர்கள் வாய்த்தார்கள். இவளுக்கு வாய்த்தவர் ஸ்டார் ரேட்டிங் படித்துவிட்டு வந்தார்.

“வீட்டுல உள்ளது இன்னும் ஓடுதா, அண்ணாச்சி?”

“ஓடுது. டக் டக்னு ஒரு சத்தம் மட்டும் வருது.”

“எப்ப இருந்து?”

“சித்திரையில இருந்து.”

அப்போது ஆவணி பிறந்திருந்தது. ஜெபக்கனி ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தாள்.

“அதுல அப்படி என்னதான் இருக்கு?”

அவர் சொன்னார். அவருடைய மனைவி பிரமு, காது கேளாத பிள்ளைகளின் பள்ளியில் டீச்சர். பிள்ளைகள் தங்கள் வீட்டிலிருந்து கொண்டுவருகிற சைகைகளை ஒன்பது வருடமாக வீடியோ எடுத்து வருகிறாள். ஒரு சொல்லுக்கு ஒரு வீடியோ. நாலாயிரத்துச் சொச்சம்.

“கடற்கரைப் பிள்ள மழைக்கு ஒண்ணு காட்டும். மலையடிவாரத்துப் பிள்ள வேற காட்டும். காட்டுன பிள்ளைகள்லாம் வளந்து எங்கேயோ போயிருச்சு. திரும்பி எடுக்க முடியாது. அது போச்சுன்னா நான் அவ மூஞ்சில முழிக்க முடியாதும்மா.”

மனுஷன் நிஜமாகவே பயந்துபோயிருந்தார். அதனால்தான் அவரைத் திட்டவும் முடியவில்லை.

“அப்ப இன்னைக்கே ஒரு காப்பி எடுங்க.”

“எதுல எடுக்க? அதத்தான கேக்கேன்!”

ஜெபக்கனி எழுந்து பின்பக்கத்து அலமாரியைத் திறந்தாள். உள்ளே முந்நூறு ஹார்ட் டிஸ்க். எல்லாம் பிணம்.

“இது பூராவும் நல்லா விசாரிச்சு, நல்ல கம்பெனின்னு வாங்குனவங்க கொண்டாந்தது.”

உமையொருபாகம் அலமாரியை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். முகத்தில் ஏதோ தெளிந்த மாதிரி இருந்தது.

ஜெபக்கனிக்கு மூச்சு வந்தது. எட்டு மாதம் கழித்து விளங்கிவிட்டது.

அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

“இதுல எந்தக் கம்பெனி கம்மியா செத்துருக்குன்னு எண்ணிப் பாக்கட்டுமா?”

இரண்டு நாள் எண்ணினார். மதியம் சாப்பிடக்கூட வீட்டுக்குப் போகவில்லை. திங்கட்கிழமை சாயங்காலம் தாளை மேஜைமேல் விரித்து, ஒரு பெயருக்கு மேல் விரலை வைத்தார்.

“இந்தக் கம்பெனிதாம்மா. நாலே நாலுதான் செத்துருக்கு.”

“அண்ணாச்சி, அந்தக் கம்பெனி டிஸ்க் இந்த ஊர்ல வித்ததே அஞ்சுதான்.”

அவர் பேனாவை மறுபடியும் எடுத்தார்.

“அந்த அஞ்சாவது யார்ட்ட இருக்கு?”

ஜெபக்கனி இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு டிராயரைத் திறந்து, தான் உபயோகிக்கிற டிஸ்க் ஒன்றை எடுத்து அவர் கையில் திணித்தாள்.

“சும்மாவே கொண்டு போங்க. இப்பவே வீட்டுக்குப் போயி காப்பி எடுங்க.”

அவர் அதைப் புரட்டிப் பார்த்தார்.

“இதுக்கு ரேட்டிங் எப்படிம்மா?”

வெடுக்கென்று அதைப் பிடுங்கி, டிராயருக்குள் போட்டுப் பூட்டினாள்.

வெள்ளிக்கிழமை அவர் மறுபடியும் வந்தார். இந்தத் தடவை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கையில் துண்டு சுற்றிய ஒரு பொட்டலம். கூடவே பிரமு.

ஜெபக்கனி துண்டைப் பிரித்து, டிஸ்க்கை மாட்டினாள். கரகரவென்று ஒரு சத்தம் வந்தது. உடனே கழற்றிவிட்டாள். மூடியைத் திறந்து விளக்கடியில் பிடித்தாள். உள்ளே இருந்த வட்டத் தகடு முழுக்கக் கீறல்.

“இதுல இருந்து ஒண்ணும் வராது அண்ணாச்சி.”

உமையொருபாகம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“எட்டு மாசம் நாயா அலஞ்சேனே பிரமு. ஒன் ஒம்பது வருசத்த ஒழிச்சிட்டேனே.”

வாய்விட்டு அழுதார். அந்த அழுகையைப் பார்த்த பிறகு ஜெபக்கனிக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது. அன்றைக்கு அந்த டிஸ்க்கைப் பிடுங்காமல் இருந்திருக்கலாமே என்று தன்மேல்தான் கோபம் வந்தது.

“எந்திரிங்க. வேட்டி அழுக்காவுது,” என்றாள் பிரமு.

“எல்லாம் போச்சுட்டி.”

“ஒண்ணும் போகல. ஸ்கூல்ல ஒரு காப்பி இருக்கு. தூத்துக்குடியில எங்க அக்கா வீட்டுல ஒண்ணு இருக்கு. நம்ம வீட்டுல அரிசி டின்னுக்குப் பின்னால ஒண்ணு இருக்கு. சனிக்கெழம தோறும் எடுத்து வச்சிருவேன். நீங்கதான் வீட்டுல இருக்க மாட்டியள்லா.”

ஜெபக்கனி எழுந்தாள். தன் நாற்காலியைத் துடைத்து, பிரமுவுக்குப் பக்கத்தில் நகர்த்திப் போட்டாள்.

“டீச்சர், ஒங்களுக்கு இத யாரு சொல்லித் தந்தா?”

“யாரு சொல்லணும்?” பிரமு உட்கார்ந்தாள். “வருசா வருசம் பிள்ளைக ஸ்கூல விட்டுப் போயிரும்லா. ஒரு பிள்ள கொண்டாந்த சைகைய நாலு பிள்ளைக்கு அன்னைக்கே சொல்லிக் குடுத்துருவேன். எந்தப் பிள்ள நிக்கும், எந்தப் பிள்ள போவும்னு பாத்துக்கிட்டா இருக்க முடியும்?”

உமையொருபாகம் துண்டால் முகத்தைத் துடைத்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தார். மனைவியை, அன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பவர் போலப் பார்த்தார்.

“பிரமு.”

“என்ன?”

“அந்த மூணும் எந்தக் கம்பெனி?”

“பாக்கல.”