தண்ணீர் ஊற்றாத குழம்பு

"ஏனுங் அம்மிணி, சொட்டுத் தண்ணி ஊத்தாம ஒரு குழம்பு எப்படிங் வரும்?" என்று கேட்டார் தங்கமுத்து.

அரிட் கத்தியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். எதிரே பூசணிக் கொழுந்து குவிந்து கிடந்தது.

ஐந்து மாதமாக அவர் அதையே கேட்டார். ஐந்து மாதமாக அவள் கத்தியையே கொடுத்தாள்.

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு நடுவே, ஒரு மாடியில் இருந்தது அரிட்டின் மெஸ். அவள் நைஜீரியாவில் கலபார் ஊர்க்காரி. வயது இருபத்தெட்டு. துணி வாங்க வந்து இங்கேயே தங்கிவிட்ட அவள் நாட்டுக்காரர்கள் நாற்பது பேர் மதியம் அங்கே சாப்பிட்டார்கள். ஒன்பது வருடமாகக் கீழ்வீட்டுக் கம்பெனிப் பெண்களிடம் தமிழ் படித்தவள். அதனால் 'ங்' போடாமல் அவளுக்குப் பேச வராது.

தங்கமுத்துவுக்கு நாற்பத்தாறு. கல்யாணச் சமையல்காரர். இரண்டு வருடத்துக்கு முன்புவரை. இப்போது அரிட்டின் அடுப்படியில் உதவியாள்.

அரிட்டின் ஊரில் பெரிய குழம்பு என்றால் எடிகாங் இகோங். அதற்கு இரண்டு கீரை வேண்டும். முதல் கீரை இங்கேயும் விளைகிறது, சிலோன் பசலை என்ற பெயரில். உழவர் சந்தையில் அதை முதன்முதலாகப் பார்த்த அன்று அரிட் கூடைக்காரியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாளாம். இரண்டாவது கீரை இங்கே இல்லை. அதற்குப் பதிலாகப் பூசணிக் கொழுந்து. அப்புறம் கறி, கருவாடு, கூனி இறால், ஊரிலிருந்து கேனில் வரும் சிவப்புப் பாமாயில்.

தண்ணீர் கிடையாது.

அரிட்டுக்கு ஏழாம் மாதம். ஞாயிற்றுக்கிழமை அவள் பிரசவத்துக்கு ஊருக்குப் போகிறாள். திரும்பி வர ஆறு மாதம் ஆகும்.

"ஞாயித்துக்கெழம காலைல நீங்க குழம்பு வைங்," என்றாள். "சரியா இருந்தா மெஸ்ஸ உங்க கையில உட்டுட்டுப் போறனுங். இல்லீன்னா பூட்டிட்டுப் போறனுங்."

"பூட்டிட்டா நானெங்க போறதுங்?"

"அது எனக்குத் தெரியாதுங்."

அன்று வியாழக்கிழமை.

*

வியாழக்கிழமையே ஒரு முறை வைத்துப் பார்க்கிறேன் என்றார். வைங் என்றாள்.

கறி தனியாக வெந்து வற்றியிருந்தது. சட்டியில் எண்ணெய் காய்ந்தது. வெங்காயம் வதங்கியது. நறுக்கிய பசலையை இரண்டு கையாலும் அள்ளிப் போட்டார்.

சட்டி சீறியது.

அரிட் வெளியே பீன்ஸ் மூட்டையை இறக்கிக்கொண்டிருந்தாள். அவர் எட்டிப் பார்த்தார். அவள் முதுகுதான் தெரிந்தது.

குடத்திலிருந்து ஒரு சொம்பு மொண்டு சட்டியில் விட்டார்.

சீறல் அடங்கியது. அவர் படபடப்பும் அடங்கியது.

மதியம் அரிட் குழம்பைக் கரண்டியில் எடுத்துப் பார்த்தாள். தட்டில் விடவில்லை. ஒரு டம்ளரில் ஊற்றி அவரிடம் நீட்டினாள்.

"குடிங்."

"குழம்பக் குடிக்கறதுங்களா?"

"களியில தொட்டா நிக்கலீங். வேறெதுல தர்றதுங்?"

எஃபியோங் என்பவர் அங்கே மூத்த வாடிக்கையாளர். துணி வியாபாரி. பெரிய உடம்பு. மரவள்ளி மாவுக் களியை உருட்டி, தங்கமுத்துவின் குழம்பில் முக்கி எடுத்தார். உருண்டையிலிருந்து சொட்டியது. சட்டையிலும் சொட்டியது.

"அண்ணே," என்றார் தமிழில். "ரசம் ரொம்ப நல்லா இருக்கு."

நாற்பது பேரும் சிரித்தார்கள். தங்கமுத்துவும் சிரித்து வைத்தார். அந்த டம்ளரை அவரே எடுத்துப் போய்க் கழுவினார்.

*

வெள்ளிக்கிழமை அவர் வந்தபோது குழாயில் தண்ணீர் வரவில்லை. குடம் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

"மோட்டார் ரிப்பேருங்களா?"

"வால்வ நான்தான் மூடுனனுங்."

"கை கழுவக்கூடத் தண்ணி இல்லீங்களே."

"கழுவீட்டுத்தானே படியேறுனீங்க."

சொல்லிவிட்டு அவள் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள்.

எண்ணெய் காய்ந்தது. பசலையைப் போட்டார். சீறியது. துண்டால் முகத்தைத் துடைத்தார். கரண்டியை இந்தக் கைக்கு மாற்றினார், அந்தக் கைக்கு மாற்றினார். கீரை மேலே பச்சையாகவே கிடந்தது. அடியில் என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. மூக்கை விரித்து மோந்தார். கருகுகிற மாதிரி இருந்தது. இல்லாத மாதிரியும் இருந்தது.

கடகடவென்று கீழே இறங்கினார்.

கீழே பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் கமலவேணி இருந்தாள்.

"ஒரு சொம்புத் தண்ணி குடு கண்ணு. நாக்கு வறண்டு போச்சு."

"இங்கயே குடிங்கண்ணா. எதுக்கு மாடிக்குத் தூக்கீட்டு ஓடறீங்க?"

அவர் நிற்கவில்லை.

அரிட் மதியம் வந்தாள். கரண்டி நுனியை நாக்கில் வைத்தாள்.

"கமலவேணி சௌக்கியமுங்களா?"

தங்கமுத்து அவள் கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டார்.

"அவங்க போர்த் தண்ணி உப்புங். நம்மது ஆத்துத் தண்ணி."

அவருக்குப் பொறுக்கவில்லை. கரண்டியை மேடையில் வைத்தார். வைத்த சத்தம் பெரிதாகக் கேட்டது.

"அம்மிணி, உங்களுக்கு இது பழகுன சட்டி. எனக்கு அப்படியில்லீங். காங்கேயத்துல ஒரு கல்யாணம். நானூறு எல. சாம்பார் அண்டா அடிப்புடிச்சுப் போச்சு. பந்தி உக்காந்தப்புறம் தெரியுது. மாப்பிள்ளையோட அப்பா எல்லாத்துக்கும் முன்னால என் கரண்டியப் புடுங்கி வீசுனாரு. இருபத்திரண்டு வருசம் சமைச்ச கை இது. அன்னைலிருந்து ஒருத்தன் என்னைய நம்பி ஒரு அடுப்பு குடுக்கலீங். தண்ணி பத்தலீன்னா என்ன ஆகுமுன்னு எனக்குத்தான் தெரியும்."

அரிட் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அண்டா தீயறப்ப நீங்க எங்க இருந்தீங்?"

"நானுங்களா?"

"நீங்கதானுங்."

"தண்ணி லாரி வரலீங். மண்டபத்து வாசல்ல நின்னு அந்த டிரைவரோட போன்ல மல்லுக்கட்டீட்டு இருந்தேன். அப்புறம் லாரியும் வந்துச்சு. டியூப் நீளம் பத்தலீன்னான். அதுக்கொரு சண்டை."

அரிட் தலையாட்டினாள். பக்கத்தில் இருந்த பையை இழுத்து, குழந்தைத் துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து மடிக்க ஆரம்பித்தாள்.

"ஏனுங் கேட்டீங்க?"

அவள் ஒரு சின்னப் பனியனைத் தொடையில் வைத்து நீவினாள்.

"அதுக்கும் இதுக்கும் என்னங் சம்பந்தம்?"

அடுத்த பனியனை எடுத்தாள்.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினார். பாதிப் படியில் நின்றார். திரும்ப ஏறி வந்தார்.

"நாளைக்கு இன்னொருக்கா வெச்சுப் பாக்கறனுங்."

"நாளைக்கு லீவுங்."

"ஒரே ஒரு நாள்தானுங் இருக்குது."

"அதனாலதானுங் லீவு."

*

சனிக்கிழமை தங்கமுத்துவால் வீட்டில் உட்கார முடியவில்லை. வாசலுக்கு வந்தார். பைக்கைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார். அடுப்படிக்குப் போனார்.

அவர் மனைவி பூவாத்தாள் பருப்பை அடுப்பில் வேகப் போட்டுவிட்டுத் துணி காயப்போடப் போயிருந்தாள். மூடியைத் திறந்து கொஞ்சம் தண்ணீர் ஊற்றினார். பத்து நிமிடம் கழித்து மறுபடி ஊற்றினார்.

பூவாத்தாள் வந்து பார்த்தாள்.

"பருப்பு எங்கீங்க?"

"உள்ளதான் இருக்குது."

"எந்தக் கரையில?"

அவர் முக்காலியில் உட்கார்ந்தார். கால் ஆடிக்கொண்டே இருந்தது. அவள் அந்தக் காலைப் பார்த்தாள்.

"என்ன ரோசனை?"

"பூவாத்தா. காங்கேயத்துல அன்னைக்கு நான் வாசல்ல எவ்வளவு நேரம் நின்னிருப்பேன்?"

"எனக்கென்ன தெரியும், நானா வந்தேன்? வர்றவன் போறவன்கிட்டயெல்லாம் நீங்கதான் சொல்லுவீங்க. அந்த லாரிக்காரன் ஒரு மணி நேரம் காக்க வெச்சு எம் பொழப்பக் கெடுத்துட்டான்னு."

"ஒரு மணி நேரம்னா சொன்னேன்?"

"ஒவ்வொருக்காலும் அதத்தான சொல்றீங்க. அண்டாகிட்ட யாரு நின்னான்னு மட்டும் சொன்னதில்ல."

ஆடிய கால் நின்றது.

பூவாத்தாள் பருப்பை வடிகட்டப் போனாள். அவர் முக்காலியை விட்டு எழவில்லை. மோர் வேண்டுமா என்று கேட்டாள். அவர் காதில் விழவில்லை.

*

ஞாயிற்றுக்கிழமை குழாயில் தண்ணீர் வந்தது. குடம் நிறைந்திருந்தது. அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு சொம்பு, தளும்பத் தளும்ப.

"இதென்னங்?"

"தாகமெடுத்தா குடிங்," என்றாள் அரிட்.

அவள் புடவைத்துணியில் தைத்த பெரிய கவுன் போட்டிருந்தாள். இரண்டு பெட்டிகள் வாசலில் இருந்தன. அவளை வழியனுப்ப எஃபியோங் வந்திருந்தார். கதவருகே நாற்காலியை நிரப்பி உட்கார்ந்திருந்தார். அவர் சட்டைப்பையில் போன் ஒலித்தபடி இருந்தது. ஒவ்வொரு அழைப்பையும் எடுத்து ஒரே பதில் சொன்னார். மெஸ் உண்டா இல்லையா, இன்னும் தெரியாது.

தங்கமுத்து அடுப்பைப் பற்றவைத்தார்.

எண்ணெய். வெங்காயம். கறி. கருவாடு.

பசலையை அள்ளினார். ஒரு கணம் கையிலேயே வைத்திருந்தார். போட்டார்.

சட்டி சீறியது.

கரண்டியால் ஒரு பக்கம் ஒதுக்கினார். அடி தெரிந்தது. எண்ணெய் பொரிந்தது. ஈரம் இல்லை. கீரையைப் புரட்டினார். மறுபக்கம் ஒதுக்கினார். சத்தம் இன்னும் காய்ந்து படபடத்தது.

அவர் இடது கை சொம்பின் பக்கம் போனது. விரல் சொம்பில் பட்டது. சில்லென்றிருந்தது.

அரிட் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் அந்தக் கையை எடுத்து அடுப்புத் திருகின் மேல் வைத்தார். தீயைக் கொஞ்சம் தணித்தார். குனிந்தார். முகம் சட்டிக்கு ஒரு முழத்தில் இருந்தது. ஆவி கண்ணில் அடித்தது. கண்ணைச் சுருக்கினாரே தவிர முகத்தை நகர்த்தவில்லை.

அடியில் ஒரு தண்டின் ஓரத்தில் கீரையின் நீர் கசிந்து பளபளத்தது.

கீழே ஆட்டோ ஹாரன் அடித்தது.

எஃபியோங் எழுந்து பெட்டிகளைத் தூக்கினார். மறுபடி ஹாரன். யாரோ கீழிருந்து கத்தினார்கள், லேட்டாகுதுங்க என்று.

"அண்ணா, கிளம்பறனுங்," என்றாள் அரிட்.

"சரீங் அம்மிணி."

"ஆறு மாசமாகுங் வர்றதுக்கு."

"ஆகட்டுமுங்."

"இந்தப் பக்கம் திரும்பி ஒரு பார்வை பாருங். வாசல் வரைக்குமாச்சும் வாங்."

தங்கமுத்து சட்டியைப் பார்த்தபடியே நின்றார். கரண்டி மெல்லக் கீரையைப் புரட்டியது.

"இப்ப முடியாதுங், அம்மிணி."

அரிட் எஃபியோங்கிடம் திரும்பினாள். "ஒரு மணிக்கு எல்லாரையும் வரச் சொல்லுங்," என்றாள்.

எஃபியோங் பெட்டிகளோடு நின்றார். சட்டியை எட்டிப் பார்த்தார். பூசணிக் கொழுந்து இன்னும் முறத்தில்தான் இருந்தது. அவர்கள் மொழியில் மெதுவாகக் கேட்டார்: "பாதிகூட ஆகவில்லையே. நீ ருசி பார்க்க வேண்டாமா?"

"பாத்துட்டனுங்," என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு அவள் படியிறங்கினாள்.