வகுத்து

"எட்டும்மா. எட்டேதான். இல்லைன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா அடுத்த பஸ்ஸில் தென்காசி. எங்கண்ணன் வீட்டுக்கே போயிடுறேன்."

மலையடிவாரத்து ஆசிரமத்தின் கிணற்றடியில் சங்கரவடிவு மூச்சிரைக்க நின்றாள். பெண்கள் பள்ளியில் இருபத்திரண்டு வருஷமாகக் கணக்கு டீச்சர். அவளை எதிர்த்துப் பேசிய கணக்கு இதுவரை கிடையாது.

பூரணியம்மா அண்டா தேய்த்துக்கொண்டிருந்தார். வடிவைவிடப் பத்து வயது இளையவர். ஆசிரமத்துக்கே குருவானால் என்ன, அண்டா தானாகவா தேய்ந்துகொள்ளும்?

"இல்லைன்னு சொல்றது யாரு, அக்கா?"

"வேற யாரு, எங்க வீட்டுக்காரர்தான். அவரும் கணக்கு வாத்தியார். இரண்டுன்னு சாதிக்கிறார். பதினோரு நாளா பேச்சு இல்லை. குழம்புக்கு உப்பு பத்தலைன்னாகூட விரலைத்தான் ஆட்டுறார்."

"இப்ப எங்க?"

"வாசல்ல, ஸ்கூட்டர் மேல. மடியில என் பெட்டி. சாமியார் இடத்துக்குள்ள கால் வைக்க மாட்டாராம்."

வடிவு தாளை நீட்டினாள். கைபேசியில் குடும்பக் குரூப்பில் யாரோ தட்டிவிட்ட கணக்கு, எழுதிக் கொண்டுவந்திருந்தாள்.

12 ÷ 3(1 + 1)

"கை ஈரம். நீங்களே வாசிங்க."

வடிவுக்கு வகுப்பறைக் குரல் வந்துவிட்டது. "பன்னிரண்டை மூன்றால் வகுத்து, வந்ததை ஒன்றும் ஒன்றும் கூட்டிய தொகையால் பெருக்கு. எட்டு."

"அவரு வாசிச்சா?"

புளித்த மோரைக் குடித்தவள் போல முகம் சுளித்தாள். "மூன்றை ஒன்றும் ஒன்றும் கூட்டிய தொகையால் பெருக்கி, வந்ததால் பன்னிரண்டை வகு. இரண்டு."

"பெருக்கத் தெரியாதவரா?"

"சேச்சே. அதெல்லாம் சுத்தம். வரிசைதான் தப்பு. இடமிருந்து வலம் போகணும்மா, அதுதான் விதி."

"அவருக்கு விதி இல்லையா?"

"இருக்கு. ஒட்டி நிக்கிறதை முதல்ல பெருக்கணுமாம். புத்தகமும் காட்டுறார். புத்தகத்துக்கா பஞ்சம்?"

பூரணியம்மா அண்டாவைக் கவிழ்த்தார்.

"முதல்ல வாசிச்சதை மறுபடி வாசிங்க."

"பன்னிரண்டை மூன்றால் வகுத்து..."

"நில்லுங்க. வகுத்து. அந்தத் 'து' எங்க எழுதியிருக்கு?"

வடிவு தாளைக் கண்ணருகே கொண்டுபோனாள். பிறகு தள்ளிப் பிடித்தாள்.

"அவரு 'பெருக்கி'ங்கிறாரே, அந்தக் 'கி'?"

வடிவு தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள்.

"துவும் வேண்டாம், கியும் வேண்டாம். இப்ப வாசிங்க."

"பன்னிரண்டு வகுத்தல் மூன்று அடைப்புக்குறி..."

"அது குறிகளோட பேரு. எனக்கு வேலை சொல்லுங்க அக்கா, செய்யறேன்."

"பன்னிரண்டை..."

நின்றது.

"பன்னிரண்டை மூன்றால்..."

மறுபடியும் நின்றது. எதை முதலில் செய்வதென்று தாளில் எங்கேயுமே இல்லை. செருப்பை மறந்துவிட்டு ஓடினாள்.

வாசலில் குற்றாலிங்கம் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் வருவதைப் பார்த்ததும் ஸ்கூட்டரில் சாவியைப் போட்டார்.

"வண்டி கிடக்கட்டும். இதை வாசிங்க. வாய்விட்டு, எனக்கு வேலை சொல்ற மாதிரி. 'வகுத்து'ன்னு வரக்கூடாது, 'பெருக்கி'ன்னும் வரக்கூடாது."

அவர் அவளுடைய வெறுங்காலைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். பேச மாட்டேன் என்பது வேறு, கணக்கை நீட்டினால் சும்மா இருப்பது வேறு. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"பன்னிரண்டை," என்றார் தாளிடம்.

தொண்டையைச் செருமினார்.

"பன்னிரண்டை மூன்றால்..."

வடிவு அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது ஒருமுறை குவிந்தது, ஒருமுறை விரிந்தது. சத்தம் வரவில்லை.

பெட்டி மடியிலிருந்து வழுக்கித் தரையில் விழுந்தது. இருவரும் குனியவில்லை.

அவர் நிமிர்ந்தார். பதினோரு நாளுக்குப் பிறகு அவள் முகத்தை நேராகப் பார்த்தார்.

"இதை எந்த மடையன் எழுதினான், வடிவு?"